ஹவர்த் கோவில்பற்றின் பிரொண்டே ஐயர்

பாடசாலையில் ஆங்கில இலக்கியம் படித்த எம்மவர் பலருக்கு ஜேன் எயர் என்ற நாவல் நினைவில் இருக்கும். அதை எழுதியவர் சார்லொட் பிரொண்டே. அவருடைய தங்கை எமிலி வதரிங் ஹைட்ஸ் என்ற நாவலை எழுதினார். கடைசித் தங்கை ஆன் இரண்டு நாவல்கள் எழுதினார். இம்மூன்று சகோதரிகளையும் பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டுவிட்டது. நாம் இங்கு எழுத எடுத்துக்கொண்டது அவர்களுடைய தகப்பனாரைப் பற்றி. வட இங்கிலாந்தில் யோர்க்ஷயர் பகுதியிலுள்ள ஹவர்த் என்ற மலைக்கிராமத்துக் கோவிலில் நாற்பத்தொரு ஆண்டுகள் குருவாக இருந்தவர் வண. பற்றிக் பிரொண்டே ஐயர். மகள்மாரின் புகழ் அவரை மறைத்துவிட்டது. அவரைப் பற்றி உலகம் அறிந்துவைத்திருக்கும் சிறிதளவும் பெரும்பாலும் பிழையானது. கடுமையான மனிதர், பிள்ளைகளை அடக்கி வளர்த்தவர், அறைக்குள் தனியே இருந்து உணவு உண்டவர் என்பதுதான் பொதுப்படையான பேச்சு. தனியே உண்டது உண்மை. அவருக்குச் சமிபாட்டுக் கோளாறு இருந்தது. மற்றவற்றை ஆராய்ந்துதான் பார்க்க வேண்டும்.

அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில், எம்டேல் என்ற இடத்தில், 1777 மார்ச் 17ஆம் திகதி அவர் பிறந்தார். அன்று புனித பற்றிக்கின் திருநாள். பெயரும் அப்படியே அமைந்தது. பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். தகப்பன் கூலிக்குக் கமவேலை செய்தவர். பையன் கொல்லன் பட்டறையிலும் தறியிலும் தொழில் பழகினான். பதினாறு வயதளவில் தானே ஒரு சிறு பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினான். அயலிலிருந்த தோமஸ் டை என்ற குருவானவர் அவனுடைய கெட்டித்தனத்தைக் கண்டு, தம் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க அவனை வைத்துக்கொண்டார். அந்த ஆதரவின் பலனாக 1802ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதில், பற்றிக் கேம்பிரிட்ஜில் புனித யோவான் கல்லூரிக்குப் போனார். வசதியில்லாத மாணவர்களுக்கெனக் குறைந்த கட்டணத்தில் ஒதுக்கப்பட்ட இடம் அவருக்குக் கிடைத்தது. அதுவும் போதவில்லை. பின்னர் இந்தியாவுக்கு வந்து புதிய ஏற்பாட்டை உருது மொழியில் பெயர்த்த ஹென்றி மார்ட்டின் அப்போது அதே கல்லூரியில் இருந்தார். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோஸ் அவர்களுக்கு அவர் கடிதம் எழுதி, ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகை வரும்படி செய்தார்.

அயர்லாந்தில் குடும்பப் பெயர் பிரன்டி என்று வழங்கியது. கேம்பிரிட்ஜில்தான் அது பிரொண்டே ஆயிற்று. கடற்படைத் தளபதி நெல்சனுக்குச் சிசிலியில் பிரொண்டே கோமகன் என்ற பட்டம் கிடைத்து, அவர் பெயர் எல்லார் வாயிலும் அடிபட்ட காலம் அது. அதிலிருந்து எடுத்திருப்பார் என்பது பலரின் எண்ணம். குடிசையிலிருந்து புறப்பட்ட பிள்ளை தனக்கென ஒரு பெயரைத் தெரிந்துகொண்டதில் நாம் குறை காணவில்லை.

1806இல் குருப்பட்டம் பெற்றபின் இங்கிலாந்தின் சில ஊர்களில் உதவிக் குருவாக இருந்துவிட்டு, யோர்க்ஷயருக்கு வந்தார். டியூஸ்பரி என்ற ஊரில் பெருகி ஓடிய ஆற்றில் விழுந்த ஒரு பையனைத் தாமே குதித்துக் கரையேற்றினார். அடுத்ததாக ஹார்ட்ஸ்ஹெட். 1812இல் அவ்வயலில் புதிய இயந்திரங்களால் வேலையிழந்த நெசவுத் தொழிலாளர் ஆலைகளைத் தாக்கினார்கள். இரவில் தனிவழி போகவேண்டிய குருவானவர் கைத்துவக்கு வைத்துக்கொள்ளப் பழகினார். அந்நாளைய துவக்கில் ஒருமுறை குண்டு போட்டால் சுட்டுத்தான் வெளியே எடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு காலையும் யன்னலால் ஒருமுறை சுட்டு வெறுமையாக்குவார். இந்த வழக்கமே, பிற்காலத்தில் கோபம் வந்தால் துவக்கால் சுடும் ஐயர் என்ற கதையாகத் திரிந்தது.

அதே 1812இன் இறுதியில் மரியா பிரன்வெல் என்ற கோர்ண்வால் பெண்ணை மணந்தார். தோர்ன்டன் என்ற ஊரில் ஐந்து ஆண்டுகள் இருந்தார்கள். மரியா, எலிசபெத், சார்லொட், பிரன்வெல், எமிலி, ஆன் என ஆறு பிள்ளைகள். ஒரே ஆண்பிள்ளை பிரன்வெல். கடைக்குட்டி ஆன் மூன்று மாதக் குழந்தையாக இருக்கையில், 1820 ஏப்பிரலில், குடும்பம் ஹவர்த்துக்கு வந்து சேர்ந்தது.

இனி அந்தக் கோவிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹவர்த்தின் பிரதான வீதி கல் பதித்த செங்குத்தான ஏற்றம். உச்சியில் அதிதூதர் புனித மிக்கேலினதும் சகல தூதர்களினதும் பெயரிலான கோவில். கோவிலைச் சுற்றிச் சேமக்காலை. சேமக்காலைக்கு மேலே குருமனை. குருமனைக்குப் பின்னால் மரமற்ற மேட்டுநிலம், காற்று. சட்டப்படி பார்த்தால் அது தனிக் கோவில்பற்று அல்ல, பிரட்ஃபோர்ட் கோவில்பற்றின் ஒரு கிளை. ஆனால் ஹவர்த் மக்கள் அப்படி நினைத்ததே இல்லை. 1742 தொடக்கம் 1763 வரை அங்கே குருவாக இருந்த வில்லியம் கிரிம்ஷோ, சங்கீதம் பாடும் நேரத்தில் வெளியே போய்ச் சாராயக் கடைகளில் இருந்தவர்களைச் சவுக்கோடு கோவிலுக்கு விரட்டி வருவார் என்பார்கள். அவர் அழைத்து ஜோன் வெஸ்லி அங்கே பிரசங்கம் செய்தார். கூட்டம் கோவிலுக்குள் கொள்ளாமல் வெளியே நிற்கும். அந்தப் பெருமை ஊரவர் தலையில் ஏறியிருந்தது.

குருவை நியமிக்கும் உரிமை பிரட்ஃபோர்ட் குருவுக்கு. குருவின் சம்பளத்துக்கான காணிகளின் வருமானமோ, முதலாம் எலிசபெத் அரசியின் காலம் தொட்டு ஹவர்த் தர்மகர்த்தாக்களின் கையில். தங்களுக்கு விருப்பமில்லாதவரை நியமித்தால் சம்பளத்தை நிறுத்திவிடுவார்கள். 1819இல் தங்களைக் கேளாமல் பெயரிடப்பட்டதால் பிரொண்டே ஐயரையே முதலில் வேண்டாம் என்றார்கள். ஐயர் தாமாக ஒதுங்கினார். பிறகு சாமுவேல் ரெட்ஹெட் என்பவர் அனுப்பப்பட்டார். அவர் ஆராதனை நடத்திக்கொண்டிருக்கையில் சனங்கள் மரப்பாதணிகள் கல்லில் மோத எழுந்து வெளியே நடந்தார்கள். அடுத்தடுத்த ஞாயிறுகளில் குழப்பம் கூடிற்று. ரெட்ஹெட் விலகிக்கொண்டார். ஒருவன் கழுதையின் வாற்பக்கம் பார்த்து அமர்ந்து, தலையில் பழைய தொப்பிகளை அடுக்கிக்கொண்டு கோவிலுக்குள் வந்தான் என்ற கதையும் உண்டு. சுவையான கதை, அதில் எத்தனை பங்கு உண்மையென்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். கடைசியில் இரு பகுதியாரும் சேர்ந்து பெயரிட்டால் யாருக்கும் மானக்கேடு இல்லை என்று ஓர் உடன்பாடு வந்தது. அப்படிச் சேர்ந்து பெயரிடப்பட்டவர், முதலில் வேண்டாமென்று சொல்லப்பட்ட அதே பிரொண்டே ஐயர். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் நாற்பத்தொரு ஆண்டுகள் நிலைத்தாரென்றால், அவர் சனத்தோடு பழகத் தெரியாதவர் என்ற கதையை எப்படி நம்புவது?

வந்த மறு ஆண்டே வீட்டில் இருள் விழுந்தது. மனைவி மரியா புற்றுநோயால் ஏழு மாதங்களுக்கு மேல் படுக்கையில் கிடந்து, 1821 செப்டெம்பர் 15ஆம் திகதி காலமானார். மூத்த பிள்ளைக்கு ஏழு வயது. இளையதற்கு இன்னும் இரண்டு ஆகவில்லை. தாயின் தமக்கை எலிசபெத் பிரன்வெல், நோயாளியைப் பார்க்க வந்தவர், பிள்ளைகளுக்காக அங்கேயே தங்கிவிட்டார். 1842இல் தம் மரணம்வரை அந்தப் பெரியம்மா ஊர் திரும்பவில்லை. ஐயர் மறுமணத்துக்கு முயன்றார். மூன்று பெண்களைக் கேட்டதாக அறிகிறோம், மூவரும் மறுத்தார்கள். குறைந்த சம்பளமும் ஆறு பிள்ளைகளும் உள்ள வீட்டுக்கு வர யார்தான் சம்மதிப்பார்?

பெண்பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உறுதியாக இருந்தது. சொத்து இல்லை, தமக்குப் பின் குருமனையும் இல்லை. பிழைக்க வேண்டுமாயின் ஆசிரியைகளாக வேண்டும். அதற்குப் படிப்பு வேண்டும். 1824 ஜனவரியில் கோவன் பிரிட்ஜ் என்ற இடத்தில் குருமாரின் மகள்மாருக்கென ஒரு விடுதிப் பாடசாலை திறக்கப்பட்டது. நடத்தியவர் வண. கரஸ் வில்சன். தங்குமிடம், உணவு, படிப்பு எல்லாவற்றுக்கும் ஆண்டுக்குப் பதினான்கு பவுண். ஏழைக் குருவுக்கு இது கடவுள் திறந்த கதவாகத் தோன்றியிருக்கும். அவ்வாண்டு ஜூலையில் மரியாவையும் எலிசபெத்தையும் ஐயர் தாமே கூட்டிச்சென்று விட்டார். ஓகஸ்டில் சார்லொட். நவம்பரில் எமிலி, அவளுக்கு அப்போது ஆறு வயது.

விடுதியில் தங்கிப் படித்த எம்மவர்கள் விடுதிச் சாப்பாட்டைப் பற்றி இன்றும் சிரித்துப் பேசிக்கொள்வதுண்டு. கோவன் பிரிட்ஜ் சிரிப்பதற்குரிய விடயமல்ல. அடிப்பிடித்த கஞ்சி, அழுக்கான சமையல், குளிர்காலத்தில் ஞாயிறுதோறும் இரண்டு மைலுக்கு மேல் நடந்து போய், நனைந்த காலோடு கோவிலில் நாள் முழுதும் இருப்பது. பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். சயரோகம் பிடித்த மரியாவை 1825 பெப்ரவரியில் தகப்பன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மே 6ஆம் திகதி, பதினொரு வயதில், அவள் இறந்தாள். அந்த மாத இறுதியில் எலிசபெத்தை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளைக் கண்ட மறுநாளே ஐயர் விரைந்து போய்ச் சார்லொட்டையும் எமிலியையும் அழைத்து வந்தார். எலிசபெத் ஜூன் 15ஆம் திகதி, பத்து வயதில், இறந்தாள். ஆறு வாரத்துக்குள் இரண்டு பெட்டிகள் கோவிலின் கற்றளத்தின் கீழே, தாயின் பக்கத்தில் இறங்கின.

ஜேன் எயரில் வரும் லோவுட் பாடசாலை கோவன் பிரிட்ஜ்தான். அங்கே பொறுமையோடு சாகும் ஹெலன் பேர்ன்ஸ் மூத்தவள் மரியா. இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் சார்லொட்டுக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. தகப்பன் மேல் அவர் ஒருபோதும் அந்தப் பழியைப் போடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

எமக்கு வியப்பாக இருப்பது அடுத்து அவர் செய்தது. பாடசாலை இரண்டு மகள்மாரைக் கொன்றது என்று மற்றவர்களைத் தையலும் சமையலும் போதும் என்று வீட்டில் அடைத்து வைத்திருக்கலாம். அந்நாளில் எவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தாமே படிப்பித்தார். புத்தக அலுமாரியை அவர்களுக்குப் பூட்டவில்லை. பைரன் முதலாக, குருமனைப் பெண்கள் தொடக்கூடாதென்று பலர் எண்ணிய நூல்களையும் அவர்கள் வாசித்தார்கள். பத்திரிகை வந்தால் அரசியல் பேசினார்கள். தகப்பன் அவர்களோடு பெரியவர்களோடு பேசுவது போலப் பேசினார். 1826இல் லீட்ஸ் நகரிலிருந்து மகனுக்கென்று பன்னிரண்டு மரச் சிப்பாய்களை வாங்கி வந்தார். நான்கு பிள்ளைகளும் ஆளுக்கொன்றை எடுத்துப் பெயர் வைத்து, கதை கட்டி, பின் அக்கதைகளை உள்ளங்கையளவு புத்தகங்களில் கண்ணுக்குத் தெரியாத சிறிய எழுத்தில் எழுதத் தொடங்கினார்கள். அந்த விளையாட்டு நின்றுவிடாமல் வளர்ந்து நாவலாயிற்று.

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, கூச்சத்தால் மனதிலுள்ளதைச் சொல்லமாட்டார்கள் என்று எண்ணி, ஒரு முகமூடியைக் கொடுத்து, அதன் பின்னால் நின்று தாம் கேட்பதற்குத் துணிந்து பதில் சொல்லச் செய்தாராம். கடுமையான தகப்பன் என்று பேர் எடுத்தவருக்கு இப்படி ஒரு யோசனை வந்திருக்கிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம்பிக்கை எல்லாம் மகன்மேல். ஓவியம் பழக ஆசிரியர், கிரேக்கமும் இலத்தீனும் தகப்பனிடம் நேரே. மகள்மார் பிறர் வீடுகளில் பிள்ளை பார்க்கும் ஆசிரியைகளாகப் போய் உழைத்தார்கள். பிரன்வெல்லோ எந்த வேலையிலும் நிலைக்காமல் குடியிலும் அபினிலும் கரைந்தான். ஆண்பிள்ளை மேல் கண்ணை வைத்துப் பெண்பிள்ளைகளின் கெட்டித்தனத்தைப் பிந்திக் காணும் வழக்கம் எமது வீடுகளுக்கும் புதிதல்ல.

கோவில் வேலையில் அவர் சோர்ந்தவர் அல்லர். 1832இல் குருமனைக்கு எதிரே, ஒழுங்கையின் மறுகரையில், ஞாயிறு பாடசாலைக் கட்டடத்தை எழுப்பினார். ஆலையிலும் வீட்டுத் தறியிலும் கம்பளி சிக்கெடுப்பதிலும் ஆறு நாள் உழைத்த பிள்ளைகளுக்கு எழுத்து வாசனை அந்த ஒரு நாளில்தான். பிரொண்டே பிள்ளைகள் நால்வரும் அங்கே படிப்பித்தார்கள். பின்னர் அதே கட்டடத்தில் கிழமைநாட் பாடசாலையும் தொடங்கியது. 1837இல், ஏழைகளுக்கான உதவியை நிறுத்திவிட்டு அவர்களை வேலையில்லங்களுக்குள் தள்ளிய புதிய சட்டத்துக்கு எதிராக ஊரவரைக் கூட்டினார். சிறு குற்றங்களுக்கும் தூக்குத்தண்டனை விதிப்பது தகாது என்று பத்திரிகைகளுக்கு எழுதினார். அங்கிலிக்கன் குருவாக இருந்தும் கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை வழங்க வேண்டும் என்று 1829இல் எழுதினார். அவருடைய சகபாடிகள் பலர் மறுபக்கம் நின்ற காலம் அது.

1842 பெப்ரவரியில் சார்லொட்டும் எமிலியும் பிரெஞ்சு கற்கப் பிரசெல்ஸ் போனார்கள். செலவு பெரியம்மாவின் சேமிப்பு. அறுபத்து நான்கு வயதுத் தகப்பன் தாமே கப்பலேறிக் கொண்டுபோய் விட்டார். வழியில் வேண்டிய பிரெஞ்சுச் சொற்களை ஒரு சிறு கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டார். கோவன் பிரிட்ஜில் பிள்ளைகளை விட்டுத் திரும்பிய அதே மனிதர்தான் இப்போது கடல் கடந்து அவர்களைப் பாடசாலையில் விட்டுத் திரும்புகிறார். அந்தப் பயணத்தில் அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

1844இல் சகோதரிகள் குருமனையிலேயே ஒரு பெண்கள் பாடசாலை தொடங்க முயன்று, விளம்பரத் தாள் அச்சடித்து அனுப்பினார்கள். ஒரு மாணவிகூட வரவில்லை. சேமக்காலைக்குப் பக்கத்தில், இத்தனை தூரத்தில், யார் பிள்ளையை அனுப்புவார்? அந்தப் பாடசாலை நடந்திருந்தால் நாவல்கள் வந்திராது என்று சொல்வோர் உண்டு.

இதற்கிடையில் ஐயரின் கண்கள் மங்கின. வெண்படலம் மூடி, பிரசங்கபீடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் நிலை வந்தது. 1846 ஓகஸ்டில் சார்லொட் அவரை மன்செஸ்டருக்குக் கூட்டிச்சென்றார். வில்லியம் வில்சன் என்ற வைத்தியர் இடக்கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார். மயக்க மருந்து வழக்குக்கு வராத காலம். கால் மணி நேரம் எழுபதை அண்டிய கிழவர் அசையாமல் கிடந்தார். பிறகு பல நாட்கள் இருட்டறையில், கண்ணைக் கட்டியபடி, பேசாமல் படுத்திருக்க வேண்டும். அந்த வாடகை வீட்டில், பல்வலியோடு, சார்லொட் ஜேன் எயரை எழுதத் தொடங்கினார். பார்வை திரும்பிற்று. மறு ஆண்டு நாவல் வெளிவந்து இலண்டன் முழுதும் பேச்சானபிறகே மகள் தகப்பனிடம் உண்மையைச் சொன்னார். அவர் அன்று பிற்பகல் முழுவதும் இருந்து வாசித்துவிட்டு, தேநீருக்கு வந்தபோது, சார்லொட் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாள், எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது என்ற கருத்தில் மற்ற மகள்மாரிடம் சொன்னாராம்.

அந்த மகிழ்ச்சி ஓர் ஆண்டு. 1848 செப்டெம்பர் 24இல் பிரன்வெல் இறந்தார், வயது முப்பத்தொன்று. டிசெம்பர் 19இல் எமிலி, முப்பது. 1849 மே 28இல் கடற்கரை ஊரான ஸ்காபரோவில் ஆன், இருபத்தொன்பது. எட்டு மாதங்களில் மூன்று பிள்ளைகள். ஆனை ஸ்காபரோவிலேயே அடக்கம் செய்தார்கள். தகப்பன் இன்னொரு முறை கல்லறை திறப்பதைக் காணவேண்டாம் என்று சார்லொட் எண்ணினார்.

ஹவர்த்தில் சாவு எல்லா வீட்டிலும் நடந்தது. ஐயரின் உதவிக் குருவாக இருந்து எல்லாரும் நேசித்த வில்லியம் வெய்ட்மன், 1842இல் நோயாளிகளைப் பார்க்கப் போய் வாந்திபேதி தொற்றி இருபத்தெட்டு வயதில் போனார். குழந்தைகளை அடக்கம் செய்வதே குருவின் அன்றாட வேலையாக இருந்தது. இது கடவுள் சித்தம் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். பிரொண்டே ஐயர் தண்ணீரைச் சந்தேகித்தார். 1849 ஓகஸ்டில், ஆன் இறந்து மூன்று மாதங்களில், ஊரவரின் கையொப்பம் சேர்த்து, ஒருவரை அனுப்பி எங்கள் ஊரைச் சோதிக்க வேண்டும் என்று இலண்டனிலுள்ள பொதுச் சுகாதாரச் சபைக்கு விண்ணப்பம் போனது. பதில் வரத் தாமதித்தபோது மீண்டும் மீண்டும் எழுதினார்.

1850 ஏப்பிரலில் பெஞ்சமின் ஹேர்ஷல் பபேஜ் என்ற அதிகாரி வந்தார். கணக்கிடும் இயந்திரத்தை வகுத்த சார்ள்ஸ் பபேஜின் மகன். அவர் எழுதிய அறிக்கை இன்றும் வாசிக்க நெஞ்சு பதறுகிறது. ஊரில் கழிவுநீர்க் குழாய் ஒன்றும் இல்லை. முழு ஊருக்கும் 69 மலகூடங்கள். அவற்றுள் ஒன்றை 24 வீட்டார் பயன்படுத்தினார்கள். பிரதான வீதியின் ஓரமாகக் கழிவு திறந்தபடி ஓடியது. குடிநீருக்குச் சில பொதுக்குழாய்க் கிணறுகள். கோடையில் ஏழைச் சனங்கள் விடியமுன் எழுந்து முறைக்குக் காத்து நிற்பார்கள். சில வேளை மாடும் குடிக்க மறுக்கும் தண்ணீர். பத்து ஆண்டுகளில் 1,344 பேர் அந்தச் சிறு சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். தட்டையான பெருங்கற்கள் நிலத்தை மூடிக் கிடந்ததால் செடி கொடி முளைக்கவும் இடமில்லை. பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 41 ஆறு வயதுக்கு முன் இறந்தன. இறப்பவர்களின் சராசரி வயது 25.8. இது இலண்டனின் மிக மோசமான சேரிகளுக்கு ஒப்பான கணக்கு. மலையுச்சியின் நல்ல காற்றுள்ள ஊர் என்பதை மனதில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அறிக்கை வந்ததும் தண்ணீர் வந்துவிடவில்லை. வரி கட்ட வேண்டிவரும் என்று காணி வீடு உள்ளவர்கள் எதிர்த்தார்கள். எல்லைக்கு உள்ளே யார், வெளியே யார் என்று இழுபட்டது. ஐயர் கடிதம் எழுதுவதை விடவில்லை. ஐம்பதுகளின் பிற்பகுதியில்தான் ஹவர்த்துக்கு நீர்த்தேக்கம் கிடைத்தது. அவர் பெயரை அதில் யாரும் பொறிக்கவில்லை. அவர் மகள்மாரின் நூல்கள் ஒன்றும் இல்லாதிருந்தாலும், இந்த ஒரு வேலைக்காக அவருக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்பது எம் துணிபு.

மிஞ்சியது சார்லொட் ஒருவர். 1852 டிசெம்பரில் உதவிக் குரு ஆதர் பெல் நிக்கல்ஸ் அவரை மணக்கக் கேட்டார். ஏழு ஆண்டுகளாக அவ்வூரிலே உழைத்த நல்ல மனிதர். தகப்பனுக்கு வந்த கோபம் சொல்லத் தரமல்ல. ஆண்டுக்கு நூறு பவுண் சம்பளக்காரன், புகழ்பெற்ற என் மகளுக்கு ஈடா என்பது வெளியே சொன்ன காரணம். கடைசிப் பிள்ளையையும் இழக்கும் பயம் சொல்லாத காரணம். பலவீனமான அவள் உடம்பு பிள்ளைப்பேற்றைத் தாங்குமா என்ற அச்சமும் இருந்திருக்கலாம். நிக்கல்ஸ் ஊரைவிட்டுப் போனார். பின்னர் வந்த உதவிக் குரு ஐயருக்கு ஒத்துவரவில்லை. சார்லொட் மெல்ல மெல்லத் தகப்பனை இணங்கச் செய்தார். 1854 ஜூன் 29 காலை எட்டு மணிக்குத் திருமணம். முதல்நாள் இரவு, தாம் கோவிலுக்கு வரப்போவதில்லை என்று ஐயர் சொல்லிவிட்டார். பெண்ணைக் கையளிக்க யாரும் இல்லை. அங்கே நின்றிருந்த பழைய ஆசிரியை மார்கிரட் வூலர் முன்வந்து கையளித்தார். கோவன் பிரிட்ஜுக்குப் பின் சார்லொட்டை ரோ ஹெட் என்ற பாடசாலையில் படிப்பித்து, பிறகு தம்மோடு ஆசிரியையாகவும் வைத்துக்கொண்டவர் அவர். மாணவிக்குத் தகப்பன் இடத்தில் நின்ற ஆசிரியை என்பதால் அவர் பெயரை இம்மலரில் பதிவதில் எமக்கு மகிழ்ச்சி. ஐயர் அன்று நடந்துகொண்ட விதத்தை நாம் நியாயப்படுத்தப் போவதில்லை.

பயந்தது நடந்தது. கருவுற்றிருந்த சார்லொட் 1855 மார்ச் 31இல், முப்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று கிழமை முன்னதாக, காலமானார்.

சில மாதங்களில், மகளைப் பற்றித் தாறுமாறாக எழுதுகிறார்கள், உண்மையை எழுதுங்கள் என்று ஐயர் கேட்டுக்கொண்டது எலிசபெத் கஸ்கல் அம்மையாரை. 1857இல் அந்த வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. அருமையான நூல்தான். ஆனால் சார்லொட்டின் துன்பத்தைக் காட்ட ஒரு கொடிய தகப்பன் தேவைப்பட்டார் போலும். பிள்ளைகளின் வண்ணச் சப்பாத்துகளை நெருப்பில் போட்டார், மனைவியின் பட்டுச் சட்டையைக் கத்தரித்தார், கதிரைகளின் முதுகை அரிந்தார் என்றெல்லாம் அதில் வந்தது. குருமனையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு தாதியிடமிருந்து கைமாறி வந்த கதைகள் அவை. எண்பது வயதில், தாம் கேட்டு எழுதுவித்த நூலிலேயே தம்மைக் குற்றவாளிக் கூண்டில் கண்ட ஐயர் வழக்குப் போடவில்லை. நூலாசிரியையைத் திட்டவும் இல்லை. மகளுக்கு நூல் நீதி செய்தது என்று மகிழ்ந்து, தம்மைப் பற்றிய சில பிழைகளைத் திருத்தினால் நல்லது என்று பணிவாகக் கேட்டார். மூன்றாம் பதிப்பில் அக்கதைகள் நீக்கப்பட்டன. ஆனால் முதற்பதிப்பு உலகமெங்கும் போய்விட்டது. இன்றும் போய்க்கொண்டிருக்கிறது.

நிக்கல்ஸ் மனைவிக்குக் கொடுத்த வாக்கின்படி மாமனாரோடு குருமனையிலே ஆறு ஆண்டுகள் இருந்து அவரைப் பராமரித்தார். ஒருகாலத்தில் வெறுத்த மருமகனே கடைசித் துணை. 1861 ஜூன் 7ஆம் திகதி, எண்பத்து நான்கு வயதில், ஐயர் காலமானார். மனைவி, ஆறு பிள்ளைகள், மைத்துனி, எல்லாரையும் அனுப்பிவைத்துவிட்டு அவர் போனார். அடக்க நாளன்று ஹவர்த்தின் கடைகள் மூடப்பட்டு, சனங்கள் கோவிலுக்கு உள்ளும் புறமும் நிறைந்தார்கள். தர்மகர்த்தாக்கள் தங்கள் பழைய வழக்கத்தை விடாமல், நிக்கல்ஸை நியமிக்காமல் ஜோன் வேட் என்பவரை நியமித்தார்கள். நிக்கல்ஸ் அயர்லாந்துக்குத் திரும்பினார்.

வேட் ஐயர் பழைய கோவிலை இடித்தார். சனம் நிறைந்த கோவில், தரைக்குக் கீழே கல்லறைகள், சுவரில் ஈரம். இடிப்பதற்குக் காரணங்கள் இருந்தன. பிரொண்டே பெயரைத் தேடி வரும் பயணிகளின் தொல்லையும் அவருக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். பத்திரிகைகளில் எதிர்ப்பு எழுந்தும் பயனில்லை. 1879 செப்டெம்பரில் கடைசி ஆராதனை நடந்தது. 1881இல் புதிய கோவில் அபிஷேகம் செய்யப்பட்டது. பழையதில் மிஞ்சியது கோபுரம் மட்டும். ஐயரும் மனைவியும், ஆன் தவிர்ந்த ஐந்து பிள்ளைகளும் கிடக்கும் நிலவறை புதிய கோவிலின் தரைக்குக் கீழே அப்படியே இருக்கிறது. படங்களில் நாம் காணும் சேமக்காலையின் பெரிய மரங்கள் அவர் காலத்தில் இல்லை, பிறகு நட்டவை. குருமனை 1928இல் பிரொண்டே சங்கத்தின் நூதனசாலையாயிற்று. சர் ஜேம்ஸ் ரொபேட்ஸ் என்ற ஹவர்த் ஊரவரே அதை வாங்கிக் கையளித்தார்.

அங்கே போகும் எம்மவர் குருமனையைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில், ஒழுங்கையின் மறுகரையிலுள்ள நீண்ட தாழ்ந்த கற்கட்டடத்தையும் ஒருமுறை பார்த்துவர வேண்டும். 1832இல் கட்டிய ஞாயிறு பாடசாலை அது.